பற்று, வரவு

மார்ச் 2

இன்றும் முடிவாகவில்லை.

மார்ச் 4

எம்.பி.ஏ.வா, மேலாண்மை எம்.எஸ்ஸியா? எம்.பி.ஏ.க்கு நல்ல இடங்களில் சில வருட வேலை அனுபவம் எதிர்பார்க்கிறார்கள். மற்றது படிப்பை முடித்த கையோடு வருகிறவர்களுக்கு. தாவரவியலோ தத்துவமோ, எது படித்திருந்தாலும் சரி. என்னிடம் ஆய்வகத்தில் ஒன்றரை வருடம் இருக்கிறது. அதற்குப் பற்றாது, இதற்கு அதிகம். "ஃபைனான்ஸ் எடு" என்கிறான் அண்ணன். அதற்குக் கணிதமும் புள்ளியியலும் முன்பே படித்திருக்க வேண்டும். அதையெல்லாம் அவன் எங்கே பார்த்தான்!

மார்ச் 7

ஜிமேட், அதாவது மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு. அதற்கு மாதிரித் தேர்வு எழுதினேன். 64 கேள்வி, 135 நிமிடம். 2023 கடைசியில் வந்த புது வடிவத்தில் வடிவியலை எடுத்துவிட்டார்கள், புண்ணியம். ஆனால் கணிதப் பகுதியில் கால்குலேட்டர் கிடையாது. 21 கேள்விக்கு 45 நிமிடம். ஒரே கேள்வியில் ஏழு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். மதிப்பெண்ணை இங்கே எழுதப் போவதில்லை.

மார்ச் 8

555.

மார்ச் 11

கணக்கியல் தொடங்கினேன். பணம் கைக்கு வந்தால் பற்றாம், அதாவது டெபிட்! அம்மா வீட்டு நோட்டில் அதை வரவு என்றுதான் எழுதுவாள். இங்கே ரொக்கக் கணக்கில் பற்று, இடப்பக்கம். அப்படியானால் வங்கி மட்டும் ஏன் 'கிரெடிட்' என்று செய்தி அனுப்புகிறது? ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அது அவர்கள் புத்தகம். நாம் போட்ட பணம் அவர்களுக்குக் கடன், அதனால் அங்கே வரவு. ஒவ்வொரு தொகையையும் ஒரு கணக்கில் பற்றாகவும் இன்னொன்றில் வரவாகவும் எழுதும் இந்த இரட்டைப் பதிவை இத்தாலியக் கணித அறிஞர் பச்சோலி 1494இல் அச்சிலேயே விளக்கிவிட்டார். எனக்கு இன்றுதான் வந்து சேர்ந்தது.

மார்ச் 12

தூக்கமில்லை. பற்று இடம், வரவு வலம்.

மார்ச் 15

கட்டுரைக் கேள்வி: ஏன் நிர்வாகம், ஏன் இப்போது? மூன்று வரைவு எழுதினேன், மூன்றும் பொய். விவசாயத்தை மாற்றப் போகிறேனாம்.

நடந்தது வேறு. போன வருடம் ஆய்வகத்தில் செடித் துணுக்குகளை வளர்க்கும் திசு வளர்ப்புக் குடுவைகள் ஒரு அலமாரி முழுக்கப் பூஞ்சை பிடித்துத் தூக்கிப் போட்டோம். எவ்வளவு நஷ்டம் என்று கேட்டார்கள், யாருக்கும் தெரியவில்லை. செடிக்கான வளர்ப்பு ஊடகம், மின்சாரம், ஆள்கூலி, அறை என்று அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு குடுவையின் விலை கிடைத்தபோது வந்த சந்தோஷம், அதில் செடி துளிர்த்தபோதுகூட வந்ததில்லை. இதை எழுதலாமா? செடி பிடிக்கவில்லை என்று படிப்பார்களோ. பிடிக்கும். அதுதான் தொல்லை.

மார்ச் 16

அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அப்போ படிச்சதெல்லாம்?"

மூழ்கிய செலவு என்று இதற்குப் பாடத்தில் பெயர் இருக்கிறது. போன பணத்தை அடுத்த முடிவில் சேர்க்கக் கூடாது. அப்பாவிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 18

ஒன்றரை வருடம் போதுமா என்று எம்.பி.ஏ. சேர்க்கைப் பிரிவுக்குக் கேட்டு எழுதியதற்குப் பதில் இல்லை.

மார்ச் 19

பதில் இல்லை. பூஞ்சைக் கதையையே எழுதினேன். ஒரு பக்கம்தான் வந்தது.

மார்ச் 20

எம்.எஸ்ஸி விண்ணப்பத்தைத் திறந்தேன். இளநிலைப் பாடத்தைப் பட்டியலில் தேர்ந்தெடுக்க வேண்டும். தாவரவியல் இல்லை. 'பிற' இருக்கிறது.