டிஸ்க் இரண்டு வாசிக்கவில்லை: பழைய புளொப்பி விளையாட்டுகளை ஓட வைத்தது

கனடாவிலிருந்து அத்தான் கொண்டுவந்த பெட்டிக்குள் 3.5 அங்குலப் புளொப்பிகள் ஒரு கட்டு. எல்லாம் 90களின் டொஸ் (விண்டோஸுக்கு முந்திய இயங்குதளம்) விளையாட்டுகள். அந்தக் காலத்தில் வன்னியில் கரண்டே இல்லை. ஆகவே ஊருக்கெல்லாம் பழசான இவை எங்களுக்குப் புதுசு.

புளொப்பியைப் போட்டு நேரே இன்ஸ்டோல் செய்யப் போகாதீர்கள். முதலில் இமேஜ், அதாவது முழு டிஸ்கின் நகலை ஒரே கோப்பாக, எடுக்க வேண்டும். அதற்கும் முதல் துப்புரவு. கிளிநொச்சியில் ஒரு மாரி கிடந்த டிஸ்க் அல்லவா, தகட்டு மூடியை ஒதுக்கிப் பார்த்தால் கறுப்புப் படலத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். அப்படியே விட்டால் அது டிரைவின் வாசிக்கும் தலையில் ஒட்டி அடுத்த டிஸ்கையும் கெடுக்கும். ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த பஞ்சுக் குச்சியை வைத்துக்கொண்டு, பின்பக்க உலோக வட்டத்தை விரலால் மெல்லச் சுற்றிச் சுற்றி இரண்டு பக்கமும் துடைத்தேன்.

காய்ந்த பிறகு லினக்ஸில் டிடிரெஸ்கியூ, பழுதான டிஸ்கை நகலெடுக்கும் புரோகிராம். 1.44 எம்பி டிஸ்க் ஒன்றில் 512 பைட் வீதம் 2880 செக்டர்கள், அதாவது தரவுத் துண்டுகள். வாசிக்க முடியாதவற்றை அது தனிக் கோப்பில் குறித்து வைத்துக்கொள்ளும். இரண்டாம் டிஸ்கில் சில செக்டர்கள் எவ்வளவு கெஞ்சியும் வரவில்லை. யூஎஸ்பி புளொப்பி டிரைவ் கைவிட்டதை வேறொரு டிரைவ் வாசிப்பது உண்டு, தலை நிற்கும் இடம் டிரைவுக்கு டிரைவ் மயிரிழை மாறும். ஏ9 வீதியால் வவுனியா போய், திருத்தும் கடை ஒன்றில் கழித்துப் போட்டிருந்த பழைய பென்டியம் கணினியைப் புளொப்பி டிரைவோடு வாங்கினேன்.

“தம்பி, இதை வைச்சு என்ன செய்யப் போறீர்?” என்றார் கடைக்கார ஐயா.

“கேம் விளையாட, ஐயா.”

காசைக் குறைத்துக்கொண்டார். பென்டியத்தில் சின்ன லினக்ஸ் ஒன்றை ஏற்றி அதே குறிப்புக் கோப்பைக் கொடுத்தேன். விடுபட்ட செக்டர்களை மட்டும் தேடிப் போய் எடுத்தது. டர்... டர்... என்ற சத்தம் நின்று, மிச்சம் பூச்சியம்!

இனி வந்த கரைச்சல் எல்லாம் இன்ஸ்டோலருடையது. 64 பிட் விண்டோஸ் 16 பிட் புரோகிராமை ஓட்டாது, எனவே பழைய டொஸ் கணினி போல நடிக்கும் டொஸ்பொக்ஸ். எல்லாக் கோப்புகளையும் ஒரே ஃபோல்டரில் போட்டால் சில இன்ஸ்டோலர் பேசாமல் ஏற்றுக்கொள்ளும். இது டிஸ்கின் பெயரைப் பார்க்கிற ரகம், ‘டிஸ்க் இரண்டைப் போடு’ என்றே நின்றது. இரண்டு இமேஜையும் ஒரே ஏ டிரைவில் வரிசையாக ஏற்றி, கேட்கும்போது கொன்ட்ரோலும் எஃப்4உம் அழுத்தினால் டிஸ்க் மாறும்.

இன்னொரு விளையாட்டு ‘ரன்டைம் எரர் 200’ என்று விழுந்தது. டர்போ பாஸ்கல் என்ற மொழிக்கருவியில் எழுதிய பலவற்றுக்கு வேகமான புரொசெசர் ஒத்துவராது. கொன்ட்ரோல், எஃப்11 அழுத்தி வேகத்தை இறக்கியதும் சரி. சத்தம் வராவிட்டால் விளையாட்டின் செட்அப்பில் சத்த அட்டைக்குச் சவுண்ட் பிளாஸ்டர், முகவரி 220, ஐஆர்கியூ 7, டிஎம்ஏ 1 என்று கொடுங்கள். பழைய அட்டைகளின் பழக்கத்தில் ஐஆர்கியூ 5 போட்டால் டொஸ்பொக்ஸ் ஊமைதான்.

மிச்சம் 5.25 அங்குல டிஸ்குகள். பென்டியத்தின் போர்டில் அதற்கு இணைப்பு உண்டு, டிரைவ்தான் இல்லை. வன்னிப் பக்கம் யாரிடமாவது கிடந்தால் சொல்லுங்கள், வந்து எடுக்கிறேன்.