கறண்ட் இல்லாத ஆய்வுகூடம்

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. போர்க்காலம். கறண்ட் இல்லை, பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான். ஓமின் விதி, மீற்றர்ப் பாலம் போன்ற மின்சுற்றுப் பரிசோதனைகளைக் கரும்பலகையிலேயே செய்து முடித்தோம். ஒழுங்காகச் செய்ய முடிந்தது, காந்தத்தை அசைத்து மின்னோட்டம் எடுக்கும் மின்காந்தத் தூண்டல்தான். அதற்குப் பற்றரி எதற்கு?

பௌதிகவியல் மாஸ்ரர் வரிச்சுருளை, சிறு ஓட்டத்தையும் முள்ளால் காட்டும் கல்வனோமானியோடு தொடுத்து, சட்டக்காந்தத்தை உள்ளே தள்ளினார். முள்ளு ஒரு பக்கம் வெட்டியது. காந்தத்தை உள்ளேயே பிடித்துக்கொண்டு நின்றார். முள்ளு பூச்சியத்துக்கு வந்துவிட்டது. வெளியே இழுத்தார், மற்றப் பக்கம் வெட்டியது. "காந்தம் இருந்தென்ன, அசையாட்டில் ஒண்டும் வராது பிள்ளையள்" என்றார். சுருளுக்கூடாகப் போகும் காந்தப் பாயம், அதாவது காந்தப்புலத்தின் அளவு, எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவு மின்னியக்க விசை, அதாவது சுருளில் பிறக்கும் வோல்ற். மிச்சமெல்லாம் கணக்கு.

ஆனால் அந்தப் பாடம் உடம்பில் ஏறியது, இரவில் கவிழ்த்து வைத்த சைக்கிளில். டைனமோவுக்குள் சுருள் அசையாது. நடுவிலுள்ள காந்தம்தான் சுழலும். 6 வோல்ற், 3 வாற்று. வருவது திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம் என்பதால், ஓட்டத்தை ஒரே பக்கம் விடும் இருவாயிகள் (டயோட்) நாலைப் பாலமாக ஒட்டி, ஏற்றவிறக்கத்தைச் சமன்செய்ய ஒரு கொள்ளளவியும் போட்டால்தான் ரேடியோ ஒழுங்காகக் கதைக்கும். ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, மற்றவர்கள் சுற்றிவர நின்று பிபிசியின் தமிழோசை கேட்போம். சுற்றுபவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் இளைத்துவிடும். முக்கியமான செய்தியில் களைத்தவர் வாங்கிய பேச்சை இங்கே எழுத முடியாது.

லென்சின் விதியும் அங்கேதான் பிடிபட்டது. வயரைக் கழற்றிவிட்டால் மிதி லேசாக ஓடும். ரேடியோவோடு ஒரு பல்பையும் கொளுவினால் கனக்கும். தூண்டப்பட்ட ஓட்டம், தன்னைப் பிறப்பித்த அசைவையே எதிர்க்கும். அந்த எதிர்ப்பை மீறிச் சுற்றுகிற வேலைதான் வெளிச்சமாகிறது. இருட்டில் யாராவது களவாகப் பல்பைக் கொளுவினாலும், சுற்றுகிறவனுக்குக் கை சொல்லிவிடும்.

லண்டன் வந்தபின், அல்பமார்ல் வீதியில் றோயல் இன்ஸ்ரிரியூசன் என்ற அறிவியல் நிறுவனத்தில், மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்த பரடேயின் இரும்பு வளையத்தைப் பார்த்தேன். 1831 ஓகஸ்ற் 29 இல் அதைப் பயன்படுத்தினார். காவலியிட்ட கம்பி கடையில் வாங்க முடியாத காலம். நூலும் துணியும் வைத்து, வளையத்தில் இரண்டு சுருள்களைத் தானே சுற்றியிருக்கிறார். ஒரு சுருளில் ஓட்டத்தைப் போடும்போதும் நிறுத்தும்போதும் மட்டும் மற்றச் சுருளோடு தொடுத்த ஊசி அசைந்தது. எங்கள் மாஸ்ரர் காட்டியதோ ஒக்ரோபர் 17 இல் பரடே செய்த பரிசோதனை: வெறும் சுருள், ஒரு சட்டக்காந்தம், ஒரு கை. பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் வளையத்தோடு திரும்பிவிடாதீர்கள். இரண்டாவதைப் பற்றியும் சொல்லுங்கள். டைனமோவுக்கு மூத்தது அதுதான்.