ஒன்பதாவது லோடின் நீலத்தாள்

போன வியாழக்கிழமை சாயங்காலம் தபாலில் ஒரு கடிதம் வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டு ஆடிட் பாரா, அதாவது தணிக்கையில் எழுதிய ஆட்சேபம், கைவிடப்படுகிறது என்று ஒரே ஒரு வரி. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 140 கிலோ மண் எங்கே போனது என்று பதில் சொல்ல எனக்கு ஒன்றரை வருஷம் ஆகியிருக்கிறது. அந்த 140 கிலோவும் மண்ணே இல்லை என்பதுதான் வேடிக்கை.

நான் ஓர் அரசுத் துறையில் உதவிப் பொறியாளர். எண்ணெய் ஊறிய மண்ணை எடுத்துத் துப்புரவு செய்கிற வேலைக்கு 2022-ல் என்னை மேற்பார்வைக்குப் போட்டார்கள். டெண்டர், ஒர்க் ஆர்டர், எம்.புக் (வேலையை அளந்து எழுதும் புத்தகம்) எல்லாம் துறையில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்த சங்கதி, அதை விட்டுவிடுகிறேன். இதே வேலை நாளைக்கு உங்கள் தலையில் விழுந்தால், நான் எங்கெல்லாம் இடறினேன் என்று தெரிந்திருக்கட்டும்.

இடம் தண்டையார்பேட்டைப் பக்கம், டி.எச். ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெரு. துறையின் பழைய ஒர்க்‌ஷாப். பூமிக்கடியில் 10 கிலோலிட்டர் டீசல் டேங்க். அது எப்போதிலிருந்து ஒழுகியது என்று யாருக்கும் தெரியாது. டேங்கைத் தூக்கிவிட்டு, சுற்றியுள்ள மண்ணை வெட்டி அபாயக் கழிவு வாங்கும் இடத்துக்கு அனுப்பி, நல்ல மணல் போட்டு மூட வேண்டும். எஸ்டிமேட்டில் 60 கன மீட்டர் என்று எழுதியிருந்தார்கள். கடைசியில் 135 வந்தது.

முதல் நாளே வெல்டர் கேஸ் கட்டரோடு வந்து நின்றார். "டீசல்தானே சார், பெட்ரோலா? காலி டேங்கு வேற" என்றார். காலி டேங்க்தான் ஆபத்து. நிறைய எண்ணெய் இருந்தால் உள்ளே ஆவி சேர இடம் இருக்காது. காலியாக இருந்தால் முழுக்க ஆவிதான். உள்ளே எரியக்கூடிய வாயு இல்லை என்று சான்று வரும்வரை தீப்பொறி கூடாது என்று அவரைத் திருப்பி அனுப்பினேன். மூன்று நாள் போச்சு. காண்ட்ராக்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். போகட்டும்.

அடுத்த கூத்து என்னுடையது. மண் மாதிரி எடுத்து அனுப்பச் சொன்னபோது, ஜே.இ. (இளநிலைப் பொறியாளர்) தம்பி குடிதண்ணீர் பாட்டிலைப் பாதியாக வெட்டி, மண்ணைப் போட்டு, பாலிதீன் கவரில் கட்டி அனுப்பிவிட்டான். நானும் கவனிக்கவில்லை. ஆய்வகத்தில் வாங்கவே மறுத்துவிட்டார்கள். எண்ணெய்ச் சோதனைக்கு பிளாஸ்டிக் கூடாது; பழுப்புக் கண்ணாடி பாட்டில், உள்பக்கம் டெஃப்லான் வைத்த மூடி, மேலே காலி இடம் விடாமல் நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டு போக வேண்டும். நாலு இடத்து மண்ணை ஒன்றாகக் கலக்கவும் கூடாது, கலக்கும்போதே கொஞ்சம் ஆவியாகிவிடும். பாட்டிலை ஆய்வகமே கொடுக்கும், முதலிலேயே போன் போட்டுக் கேட்டிருந்தால்.

சரி, 60 எப்படி 135 ஆனது? எஸ்டிமேட் போட்டவர்கள் டேங்க் பக்கத்தில் நாலடி வரைக்கும் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். நாலடி வரை மண் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வடசென்னையில் கடல் பக்கம் பூமிக்கடித் தண்ணீர் மேலேயே கிடக்கும். டீசல் தண்ணீரில் மிதக்கும். கோடையில் தண்ணீர் இறங்கினால் டீசலும் கூடவே இறங்கும், மழையில் ஏறினால் அதுவும் ஏறும். இப்படி வருஷா வருஷம் ஏறி இறங்கி, இடைப்பட்ட மணல் முழுக்க எண்ணெயைப் பூசிவிட்டுப் போகும். எங்கள் குழியில் ஐந்தடிக்கும் எட்டடிக்கும் நடுவில் சாம்பல் கலரில் ஒரு பட்டை. ஜேசிபி பக்கெட் அதைத் தொட்டதும் தெரு முழுக்க வாடை.

அந்தப் பட்டை பக்கவாட்டில் எதுவரை போகிறது என்று பார்க்க ஒவ்வொரு முறையும் ஆய்வகத்துக்கு ஓட முடியாது. எங்கள் ஆணையில் வைத்திருந்த வரம்பு, ஒரு கிலோ உலர்ந்த மண்ணுக்கு 5,000 மில்லிகிராம் எண்ணெய். (2025 ஜூலையில் மாசடைந்த இடங்களுக்கென்றே மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்துவிட்டது. எங்கள் வேலை நடந்தபோது அதெல்லாம் கிடையாது.) அந்த எண் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரு கை மண்ணைக் கண்ணாடி ஜாடித் தண்ணீரில் போட்டுக் குலுக்கினால், மேலே வானவில் ஏடு வருகிறதா என்று பார்க்கலாம். வந்தால் குச்சியால் கீறுங்கள். கீறின இடம் உடனே கூடிக்கொண்டால் எண்ணெய். கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து தனித்தனியாக நின்றால் அது இரும்புச் சத்தில் வளரும் பாக்டீரியா, பயப்பட வேண்டாம். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஒரு சூப்பர்வைசர். ஊறுகாய் ஜாடி ஒன்றும் ஒரு தென்னங்குச்சியும் வைத்தே வெட்டும் எல்லையை முடிவு செய்தோம். கடைசி உறுதிக்கு மட்டும் ஆய்வகம். ஒரே ஒரு மூலையில்தான் எங்கள் கணிப்பு தப்பியது.

அந்தத் தெருவில் எதிர் வரிசையில் ஒரு ஆயா இருக்கிறார். மூன்றாம் நாள் வேலியோரம் வந்து நின்று, "இன்னா நைனா, எங்க வூட்டு போர் தண்ணி எத்தினி வருசமா நாறுது தெரியுமா? இப்பத்தான் வர்றீங்களா?" என்றார். ஒரு சொம்பில் கொண்டுவந்தும் காட்டினார். ஜாடி தேவையே படவில்லை. தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு இது புதிதும் இல்லை. 2013-லேயே இந்தப் பக்கத்தில் நிலத்தடித் தண்ணீரில் எண்ணெய் வந்து, பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் விவகாரம் போயிருக்கிறது. ஆயா வீட்டுத் தண்ணீரைச் சோதிக்க எங்கள் டெண்டரில் ஐட்டம் இல்லை. மண் மாதிரிகளோடு ஒரு பாட்டிலைச் சேர்த்து அனுப்பினேன். எண்ணெய் இருக்கிறது என்று வந்தது. மேலே எழுதினேன். நினைவூட்டலும் எழுதினேன். அதற்கு மட்டும் யாரும் பாரா போடவில்லை.

இப்போது தாள் கதைக்கு வருகிறேன்.

அபாயக் கழிவு எதுவும் ஓர் இடத்திலிருந்து கிளம்பினால் அதோடு 10-ஆம் படிவம், அதாவது மேனிஃபெஸ்ட், போக வேண்டும். 2016 விதிகளின்படி ஏழு நகல், ஏழு நிறம். வெள்ளை நாம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புவது. மஞ்சள், லாரிக்காரர் கையெழுத்து வாங்கி நாமே வைத்துக்கொள்வது. மீதி ஐந்தும் லாரியில் போகும். ரோஸ் கழிவு வாங்குகிறவருக்கு, ஆரஞ்சு லாரிக்காரருக்கு, பச்சையை வாங்குகிறவர் வாரியத்துக்கு அனுப்புவார். நீலம்தான் முக்கியம், கழிவு வந்து சேர்ந்தது என்று கையெழுத்துப் போட்டு நமக்குத் திருப்பி அனுப்புகிற தாள் அது. ஏழாவது சாம்பல்.

முதல் லாரியில் ஏழையும் வெள்ளை ஜெராக்ஸாகவே அனுப்பினோம். கழிவு வாங்கும் இடத்தில் கேட்டிலேயே திருப்பிவிட்டார்கள். பதினாறு டன் மண் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் வாசலிலேயே வந்து நின்றது. டிரைவர் வெயிட்டிங் சார்ஜ் கேட்டார், தெருவில் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். மறுநாள் பாரிமுனையில் கலர் பேப்பருக்காகக் கடை கடையாக ஏறினேன். ஆறு நிறம் கிடைத்தது, சாம்பல் மட்டும் இல்லவே இல்லை. மூன்றாவது கடையில் வேர்த்துக் கொட்டி நிற்கும்போதுதான் விதியை மறுபடியும் படித்தேன். சாம்பல், வெளிமாநிலத்திலிருந்து வரும் கழிவுக்கு மட்டும்தான் தேவை.

அப்புறம் பதினான்கு லோடும் போய்ச் சேர்ந்தது. நடுவில் மழை. டெண்டர் ரேட் டன்னுக்கு, அதனால் மண் நனைந்தால் எடை கூடும், பில்லும் கூடும். காண்ட்ராக்டர் சிரித்துக்கொண்டே, "வானம் பார்த்துக் குடுக்குது சார், நான் என்ன பண்ண" என்றார். வெட்டிய மண்ணைத் தார்ப்பாய் போட்டு மூடினால்தான் எம்.புக்கில் ஏற்றுவேன் என்றேன், மூடினார். டெண்டர் எழுதுகிறவர்கள் எடையோடு குழி அளவையும் சேர்த்து எழுதுங்கள், புண்ணியமாகப் போகும்.

ஒன்பதாவது லோடு கிளம்பின அன்று சாயங்காலம் சரியான மழை. லாரி போய்ச் சேருவதற்குள் கேட்டை மூடிவிட்டார்கள். ராத்திரி வெளியே நின்று, மறுநாள் காலையில் எடை போட்டு உள்ளே போனது. எனக்கு அப்போது இதில் எதுவும் தெரியாது. நீலத்தாள்கள் தபாலில் கத்தையாக வரும், கிளார்க் வாங்கிக் கட்டி வைப்பார். நான் ஒரு நாளும் எண்ணிப் பார்க்கவில்லை. இதுதான் என் பெரிய தப்பு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எங்கள் ஆபீஸ் தரைத்தளத்தில் முட்டளவு தண்ணீர். பீரோவின் கீழ்த்தட்டில் அந்த ஃபைல். அதை யார் பார்த்தார்கள்? அந்த மாதம் ஊரே எண்ணூரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளத்தோடு வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக முகத்துவாரத்தில் பரவி, மீனவர்கள் படகில் போய் மக்கிலும் வாளியிலும் அள்ளினார்கள். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதியபோது எர்ணாவூர் கரையிலும் வாளிதான். கிட்டத்தட்ட ஏழு வருஷத்தில் வாளி மாறவில்லை.

ஃபைலைப் பிரித்தபோது தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நீலச் சாயம் பக்கத்துத் தாளில் எல்லாம் இறங்கியிருந்தது. ஃபேனுக்குக் கீழே ஒவ்வொன்றாக உரித்துக் காயப்போட்டேன். பதிமூன்று இருந்தது. ஒன்பதாவது லோடின் தாள் மட்டும் இல்லை. வெள்ளத்தில் போனதா, வரவே இல்லையா, இன்றுவரை தெரியாது.

2024-ல் ஆடிட் வந்தார்கள். சரியாக அதையே கேட்டார்கள்.

கழிவு வாங்கிய இடத்தில் கேட்டேன். "நாங்க அனுப்பிட்டோம்" என்றார் அங்கே ஒருவர். அனுப்பியதற்கு ரசீது? "சாதா தபால் சார்." ரோஸ் தாளைப் பார்த்து நகல் கொடுங்கள் என்றால், கேட்டு எழுதுங்கள் என்றார். எழுதினேன். யார் பெயருக்கு எழுத வேண்டுமோ அந்தப் பெயருக்கு எழுதவில்லை என்று திரும்பி வந்தது. மறுபடி எழுதினேன், பதில் இல்லை. மூன்று தடவை நேரில் போனேன். ஒரு தடவை அவர் லீவு, ஒரு தடவை சிஸ்டம் வேலை செய்யவில்லை, ஒரு தடவை கேட்டிலேயே விடவில்லை. லாரிக்காரர் ஆரஞ்சுத் தாளை என்றைக்கோ தூக்கிப் போட்டுவிட்டார்.

அப்போதுதான் பச்சை ஞாபகம் வந்தது. வாரியத்தில் அதன் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டேன், பத்து நாளில் கிடைத்தது. துள்ளிக் குதித்துக்கொண்டு ஆடிட்டுக்கு அனுப்பினேன்.

அங்கேதான் மாட்டினேன். பச்சையில் வாங்கியவர் எழுதிய எடை 16,280 கிலோ. எங்கள் எடைச் சீட்டில் 16,420. தேதியும் ஒரு நாள் தள்ளி. உடனே அடுத்த கேள்வி: லாரி ராத்திரி முழுக்க எங்கே நின்றது, 140 கிலோ அபாயக் கழிவு வழியில் எங்கே கொட்டப்பட்டது? ஒரு தாள் இல்லை என்ற பாரா, மண்ணைக் கொட்டிவிட்டார்கள் என்கிற பாராவாக வளர்ந்துவிட்டது. நானே போய் வாங்கிக்கொண்டு வந்த வினை.

மற்ற பதிமூன்று லோடிலும் வித்தியாசம் இருபது முப்பது கிலோவைத் தாண்டவில்லை. ஒன்பதில் மட்டும் ஏன்? பல நாள் யோசித்துவிட்டு, எங்கள் லோடுகளை எடை போட்ட வேப்ரிட்ஜுக்கே போனேன். ஓனர் வரிக் கணக்குக்காகப் பழைய சீட்டுப் புத்தகங்களை எல்லாம் பரணில் போட்டு வைத்திருந்தார், அதனால் வெள்ளத்தில் தப்பியிருந்தது. எடை போடும் பையன் ஏணி வைத்து ஏறி, கரப்பான்பூச்சியைத் தட்டிக்கொண்டே, 2022 புத்தகத்தை இறக்கினான். கார்பன் நகலைத் திருப்பினால், பின்பக்கம் பென்சிலில்: "மழை. ஆள் உள்ளே 2."

காலியாக எடை போட்டது மத்தியானம், வெயிலில். டிரைவரும் கிளீனரும் இறங்கி டீ குடிக்கப் போயிருந்தார்கள். மண்ணோடு எடை போட்டது கொட்டுகிற மழையில். இருவரும் கேபினை விட்டு இறங்கவில்லை. வாங்குகிற இடத்தில் இரண்டு தடவையும் ஆளை இறக்கித்தான் எடை போடுவார்கள். ஆக, இரண்டு பேர் எடை எங்கள் சீட்டில் மண்ணாக ஏறிவிட்டது.

"ரெண்டு பேரும் சேர்ந்து 140 இருப்பாங்களா?" என்று கேட்டேன். "டிரைவர் ஒர்த்தரே தொண்ணூறு தேறும் சார்" என்றான் பையன்.

அந்தப் பென்சில் குறிப்பின் நகல், ஓனர் கையெழுத்து, பதினான்கு லோடின் எடை ஒப்பீடு, பச்சைத் தாளின் நகல், எல்லாம் வைத்து விளக்கம் எழுதினேன். எடைக்குப் பில் போட்டதில் 140 கிலோவுக்கு உண்டான காசை காண்ட்ராக்டரின் டெபாசிட்டிலிருந்து பிடித்தோம், அதற்கு அவர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். அப்புறம்தான் அந்த ஒரு வரிக் கடிதம்.

இப்போது என் கீழே நடக்கிற எந்த வேலையிலும், நீலத்தாள் வந்த அன்றே போனில் படம் எடுத்து, லோடு எண் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். வராவிட்டால் ஒரு வாரத்தில் எழுத்தில் கேட்கவும். எடை போடும்போது ஆள் கீழே நிற்கிற மாதிரி ஒரு போட்டோ. மழை என்றால் குடை.

நேற்று கிளார்க் அம்மா வந்து, "ஃபைலை ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பிடலாமா சார்?" என்று கேட்டார். எந்தத் தட்டில் வைப்பீர்கள் என்று கேட்டேன். கீழ்த்தட்டில்தான் இடம் இருக்கிறதாம்.