குறள் சொல்லாம ஒரு கேள்விய பேசிப் பாக்கறது

பட்டிமன்றம்னா எங்க ஊர்ப்பக்கம் கூட்டம் அள்ளுமுங்க. ஆனா அதுல ரெண்டு அணியும் என்ன பேசணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் மேடையேறுவாங்க, தீர்ப்பு நடுவர் கையில. பல்லடம் பக்கம் ஒரு தறி குடோன்ல, ஞாயித்துக்கிழமை தறி நின்னப்பறம் நாங்க உக்காந்து பேசறது வேற மாதிரி.

ஒரு கேள்விய எல்லாரும் சேந்து யோசிச்சு பதில் தேடற இந்த முறைக்கு சாக்ரடிக் உரையாடல்னு பேரு. இத ஜெர்மனில லியோனார்ட் நெல்சன்னு ஒரு தத்துவ பேராசிரியர் 1922ல கோட்டிங்கன்ல ஒரு உரையா விளக்கினாரு, அவரு வழி வந்த குஸ்டாவ் ஹெக்மன் பின்னால இன்னும் வளர்த்தாரு. பேச்சு யாருக்காச்சும் நெசமா நடந்த ஒரு சம்பவத்துல இருந்து தொடங்கணும், "ஒருவேளை இப்படி நடந்தா"ங்கறதெல்லாம் ஆகாது. எந்தப் பெரியவர் சொன்னதையும் சாட்சிக்கு இழுக்கக்கூடாது. நடத்தறவரு தன் கருத்த வாயே தொறக்கமாட்டாரு.

போன தடவ கேள்வி: உண்மைய சொல்லாம விட்டா அது பொய்யா? பனியன் கம்பெனில செக்கிங் பாக்கற அக்கா ஒருத்தங்க அவங்களுக்கு நடந்தத சொன்னாங்க. எண்ணெக்கறை பட்ட பீஸ பாஸ் பண்ணச் சொன்னாங்களாம், பண்ணிட்டாங்க, சாயந்தரம் துணி வாங்கற பையரோட ஆள் வந்து நின்னப்ப இவங்க பேசாம நின்னுட்டாங்க.

உடனே ஒரு அண்ணன் "பொய்மையும் வாய்மை யிடத்த"ன்னு ஆரம்பிச்சாரு. "அதயே உங்க வாயால சொல்லுங்ண்ணா"ன்னாரு நடத்தறவரு. அண்ணன் ரொம்ப நேரம் யோசிச்சு, நல்லது நடந்தா பொய்யும் சரிதான்னாரு. அக்கா கேட்டாங்க, "நல்லது யாருக்குங்ண்ணா, எனக்கா, கம்பெனிக்கா, துணி போடறவங்களுக்கா?" அந்தக் குறள நான் பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணினவன், 'யாருக்கு'ங்கற கேள்வி எனக்கு ஒருநாளும் வந்ததில்ல. பாஞ்சு வருசம் வேலை பாத்த மனுசிக்கு அது சட்டுனு வருது, வயசு வந்தவங்களுக்குப் படிப்புன்னா இந்த அனுபவத்துல இருந்துதான தொடங்கணும்? ஆனா நம்ம ஊர்ல அவங்களுக்கு வகுப்புன்னாலே ஒருத்தர் முன்னால நின்னு பேசறது, மத்தவங்க தலையாட்டறதுன்னு ஆகிப்போச்சு.

நடுவுல அக்கா, "எல்லாரும் என்னையே கேக்கறீங்க, கோர்ட்டுல நிக்கறாப்புல இருக்குது"ன்னாங்க. கேள்விய அப்படியே வெச்சிட்டு நாம எப்படி பேசிட்டு இருக்கோம்னு மட்டும் கொஞ்சநேரம் பேசினோம், இதயும் ஹெக்மன்தான் சேத்தாரு. அப்பறம் ஆளாளுக்கு, அந்த எடத்துல நான் இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு சொன்னாங்க, பேச்சு மறுபடி ஓடுச்சு.

போர்டுல கடைசியா எழுதினது: "தெரிஞ்சுக்க உரிமை இருக்கறவங்க நேரா கேட்டும் சொல்லாம விட்டா அது பொய்." குறள் சொன்ன அண்ணன் மட்டும் ஒத்துக்கல, கேக்காட்டியும் அது பொய்தானுங்கறாரு. இதுல ஓட்டெடுப்பெல்லாம் கெடையாதுங்க, அதனால அடுத்த ஞாயித்துக்கிழமையும் இதேதான்.