பள்ளிக்கென்று ஒதுக்கிய நிலமும் அதன் குத்தகையும்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களுக்கான நில உடைமை வரைபடத்தை விரித்தால், கூட்டாட்சி அரசின் நிலத்தைக் காட்டும் மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவே, சின்னச் சின்ன நீலச் சதுரங்கள் சீரான இடைவெளியில் சிதறிக் கிடப்பதைக் காணலாம். ஒவ்வொன்றும் ஒரு மைலுக்கு ஒரு மைல், அதாவது 640 ஏக்கர். இவற்றில் பெரும்பாலானவை, பள்ளிக் கல்விக்கு வருமானம் ஈட்டித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அறக்கட்டளை நிலங்கள். இவற்றைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், இயற்கையைக் காப்பதா, காசு பார்ப்பதா என்ற ஒற்றைக் கேள்வியில் விவாதம் சிக்கிக்கொள்கிறது. எனக்கு அது பாதிக் கேள்வியாகவே படுகிறது. நிலம் யாருக்கு, என்ன விலைக்குக் கொடுக்கப்பட்டது என்பதே நான் முதலில் கேட்க விரும்பும் கேள்வி.

1785-ஆம் ஆண்டின் நிலச் சட்டம், புதிதாக அளக்கப்படும் பகுதிகளை ஆறு மைல் சதுரமான டவுன்ஷிப்புகளாகவும், ஒவ்வொரு டவுன்ஷிப்பையும் ஒரு மைல் சதுரமான 36 செக்சன்களாகவும் வகுத்து, அவற்றில் 16-ஆம் செக்சனை அங்குள்ள பொதுப் பள்ளிகளுக்கென்று ஒதுக்கியது. பின்னர் உருவான மேற்கு மாநிலங்கள் பலவற்றுக்கு டவுன்ஷிப்புக்கு 16, 36 ஆகிய இரண்டு செக்சன்கள் கிடைத்தன. வறண்ட பூமியான யூட்டா, அரிசோனா, நியூ மெக்சிகோ ஆகியவற்றுக்கு 2, 16, 32, 36 என நான்கு கிடைத்தன. மழை பொய்க்கும் இடத்தில் ஒரு செக்சன் தரும் வருமானம் எந்த மூலைக்கும் காணாது என்பதை நாடாளுமன்றமும் உணர்ந்திருந்தது.

கிடைத்ததை எல்லோரும் காப்பாற்றிக்கொள்ளவில்லை. நெவாடா தனக்குக் கிடைத்த சுமார் 27 லட்சம் ஏக்கரில் ஏறக்குறைய முழுவதையும் விற்றுவிட்டு, இன்று சில ஆயிரம் ஏக்கரோடு நிற்கிறது. இப்படிப்பட்ட அனுபவங்களுக்குப் பிறகு, அரிசோனாவையும் நியூ மெக்சிகோவையும் மாநிலங்களாக ஏற்பதற்காக 1910-இல் இயற்றிய சட்டத்தில் நாடாளுமன்றம் கடிவாளத்தை இறுக்கியது. விற்பனை என்றால் முன்கூட்டியே விளம்பரம் செய்து பொது ஏலம் விட வேண்டும். மதிப்பீட்டு விலைக்குக் கீழே போகக் கூடாது. வரும் பணத்தைத் தனி நிதியில் வைக்க வேண்டும். நிலத்தையும் கனிமத்தையும் விற்ற பணம் நிரந்தர நிதியில் சேர்வதும், அந்த அசலைக் கரைக்காமல் அது ஈட்டித் தருவதைப் பள்ளிகளுக்குப் பகிர்வதும் பொதுவான ஏற்பாடு.

ஆனால் சட்டத்தில் எழுதிவிட்டால் மட்டும் போதாது என்பதற்கு நீதிமன்ற ஆவணங்களே சாட்சி. நியூ மெக்சிகோ இந்த நிலங்களின் வருமானத்தில் ஒரு பகுதியை மாநிலத்துக்கு விளம்பரம் தேடச் செலவிட முயன்றபோது, 1919-இல் உச்ச நீதிமன்றம் அதை நம்பிக்கை மோசம் என்று நிறுத்தியது. அரிசோனாவின் நெடுஞ்சாலைத் துறை பள்ளி நிலத்தில் இலவசமாகச் சாலை போடப் பார்த்தபோது, முழு மதிப்பையும் செலுத்த வேண்டும் என்று 1967-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓக்லஹோமாவில் விவசாயிகளுக்கு உதவுவதாகச் சொல்லிச் சந்தை நிலவரத்துக்குக் கீழான வாடகையும் வட்டியும் வாங்கிவந்ததை 1982-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. சாலையோ, விளம்பரமோ, விவசாயிக்கு உதவியோ, எதுவும் கெட்ட காரியம் அல்ல. நல்ல காரியத்தின் செலவைப் பிள்ளைகளின் தலையில் கட்டியதுதான் தவறு.

இதைக் கிட்டத்தில் பார்க்க, மேற்கு அரிசோனாவின் பட்லர் பள்ளத்தாக்கை விட்டால் வேறு இடம் இல்லை. அங்கே அறக்கட்டளை நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த ஃபோண்டோமாண்டே என்ற நிறுவனம், சவூதி அரேபியாவின் பெரிய பால் நிறுவனமான அல்மராயின் துணை நிறுவனம். அது அங்கு விளைவித்த குதிரைமசால் என்ற தீவனப் பயிர், கட்டுகளாகக் கப்பலேறிச் சவூதியின் கறவை மாடுகளுக்குப் போனது. சொந்த நாட்டின் நிலத்தடி நீரைக் காப்பதற்காகப் பசுந்தீவனச் சாகுபடியைச் சவூதி அரசு கைவிட்ட காலம் அது. குத்தகைத் தொகை ஏக்கருக்கு ஆண்டுக்குச் சுமார் 25 டாலர். தண்ணீருக்கோ தனிக் கட்டணம் இல்லை. நிலத்தடி நீர்க் கட்டுப்பாடு பொருந்தாத பகுதி என்பதால், எவ்வளவு இறைக்கிறார்கள் என்று கணக்குக் காட்டவேண்டிய அவசியமும் இல்லை. எதிர்காலத்தில் நகரங்களுக்குத் தண்ணீர் கொண்டுசெல்லச் சட்டம் அனுமதிக்கும் மிகச் சில நிலத்தடிப் படுகைகளுள் பட்லர் பள்ளத்தாக்கும் ஒன்று என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான், எவ்வளவு பெரிய சொத்து எவ்வளவு சில்லறைக்குப் போனது என்பது விளங்கும். 2023 அக்டோபரில் ஆளுநர் கேட்டி ஹாப்ஸ் ஒரு குத்தகையை ரத்துசெய்து, மற்ற மூன்றைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று அறிவித்தார். அப்போதைய கோபம் பெரும்பாலும் அயல்நாட்டு நிறுவனம் என்பதைச் சுற்றியே இருந்தது. அது எனக்குச் சற்று அபத்தமாகவே தோன்றியது. அதே வாடகைக்கு அதே தண்ணீரை உள்ளூர்க்காரர் ஒருவர் இறைத்திருந்தாலும், அரிசோனாவின் பள்ளிப் பிள்ளைகளுக்கு நட்டம் நட்டம்தான்.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு, பக்கத்து மாநிலத்தில் உண்டு. பெர்மியன் படுகையின் நல்ல எண்ணெய் நிலங்களுக்கு நியூ மெக்சிகோ, எடுக்கும் எண்ணெயின் மதிப்பில் 20 சதவீதத்துக்கு மேல் உரிமத்தொகை கேட்க முடியாமல் இருந்தது. எல்லைக்கு அப்பால் டெக்சாஸ் 25 சதவீதம் வரை வாங்கிக்கொண்டிருந்தது. சட்டமன்றம் உச்சவரம்பை உயர்த்த மறுத்துவந்ததால், நில ஆணையர் ஸ்டெஃபனி கார்சியா ரிச்சர்ட் 2024-இல் மிகச் சிறந்த எண்ணெய் நிலங்களை ஏலத்தில் விடுவதையே நிறுத்திவைத்தார். அடுத்த ஆண்டு உச்சவரம்பு 25 ஆனது. எண்ணெய் எங்கும் ஓடிவிடாது என்று பொறுத்திருந்த அந்தப் பிடிவாதத்தை, அறங்காவலருக்கு உரிய குணமாகவே நான் மதிக்கிறேன்.

அப்படியானால் இயற்கையைக் காக்க விரும்புவோர் என்ன செய்வது? விலை கொடுத்துக் காக்கலாம். ஐடஹோவில் மேய்ச்சல் குத்தகையை ஏலம் கேட்டு, ஓடைக்கரைகளை மாடுகள் மிதிக்காமல் விடப் பணம் கட்டத் தயாராக ஓர் அமைப்பு வந்தது. அதைத் தள்ளி வைக்கக் கால்நடை வளர்ப்போருக்குச் சாதகமாக ஒரு சட்டமே கொண்டுவரப்பட்டது. பள்ளிகளுக்கு நீண்ட காலத்தில் அதிக வருவாய் தரவேண்டிய கடமைக்கு அது முரணானது என்று 1999-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஒரிகனில் எலியட் மாநிலக் காட்டைப் பள்ளி நிதியின் பிடியிலிருந்து விடுவிக்க, அந்த நிதிக்குச் சுமார் 22 கோடி டாலர் ஈடு கட்டப்பட்டது. காடும் நின்றது, பள்ளியும் ஏமாறவில்லை. வருவாயை உச்சத்துக்குக் கொண்டுபோவது ஒன்றே கடமை அல்ல, நிர்வாகத்துக்கு விருப்புரிமை உண்டு என்று வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனாலும், விருப்புரிமை என்ற பெயரில் பழைய சலுகைகள் பின்வாசல் வழியே வந்துவிடுமோ என்ற ஐயம் எனக்கு உண்டு. இந்த வகையில், நிதியின் பங்கு ஒவ்வொரு பள்ளிக்கும் நேரடியாகப் போய், பெற்றோர் இடம்பெறும் குழு அதன் செலவைத் திட்டமிடும் யூட்டாவின் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவர்கள்தான் அது ஏன் குறைந்தது என்றும் கேட்பார்கள்.

"வேண்டும் என்பவர் விலை கொடுக்கட்டும்" என்ற என் வாதம் தடுமாறும் இடமும் ஒன்று உண்டு. இந்த நிலங்கள் எல்லாமே பூர்வகுடிகளிடமிருந்து போனவை. போதாக்குறைக்கு, இந்த நீலச் சதுரங்களில் கணிசமானவை பூர்வகுடிகளுக்கென்று வகுத்த இன்றைய ஒதுக்கீட்டுப் பகுதிகளின் எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. சில இடங்களில், தங்கள் எல்லைக்குள் இருக்கும் நிலத்துக்கே அம்மக்கள் மாநிலத்துக்குக் குத்தகை கட்டுகிறார்கள். அவர்களிடம் போய் சந்தை விலை கேட்பது எனக்கு ஒப்பவில்லை. பள்ளி நிதி அந்த நட்டத்தைச் சுமக்க வேண்டும் என்பதும் சரியாகாது. பள்ளிக்கு நிலம் கொடுத்ததும் ஒதுக்கீட்டுப் பகுதிக்கு எல்லை வகுத்ததும் கூட்டாட்சி அரசுதான். கூட்டாட்சி அரசின் பாதுகாப்பில் உள்ள நிலப்பரப்பான கிராண்ட் ஸ்டேர்கேஸ்-எஸ்கலான்டே தேசிய நினைவிடத்துக்குள் சிக்கிக்கொண்ட யூட்டாவின் பள்ளி நிலங்களுக்கு ஈடாக, 1998-இல் வேறு நிலங்களையும் கனிம உரிமைகளையும் 5 கோடி டாலரையும் அந்த அரசே கொடுத்தது. அதே வழியில், இந்தச் சதுரங்களுக்கும் மாற்று நிலத்தை மாநிலங்களுக்குக் கொடுத்துவிட்டு, இவற்றை அந்தந்த பூர்வகுடிகளிடம் சேர்ப்பிக்க வேண்டியதும் கூட்டாட்சி அரசின் பொறுப்பு.