மே மாதம் வந்தால் மஞ்சள் வண்டிகள் வரிசை கட்டும்

பள்ளி திறக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அதிகாரிகள் பள்ளிப் பேருந்துகளை மைதானத்தில் நிறுத்திச் சோதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவசர வழி திறக்கிறதா, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான் இருக்கிறதா, தரைப் பலகை உறுதியாக இருக்கிறதா என்று ஏறிப் பார்ப்பார்கள்.

தரைப் பலகையைச் சும்மா பார்ப்பதில்லை. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே, ஓடும் பேருந்தின் ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்துபோனாள். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அந்த ஆண்டே தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2022இல் வளசரவாக்கத்தில் பள்ளி வளாகத்திலேயே ஒரு சிறுவன் வேன் மோதி இறந்த பிறகுதான் முன்னும் பின்னும் கேமரா, பின்னால் சென்சார் கட்டாயமானது. ஒவ்வொரு விதிக்கும் ஒரு உயிர் போகவேண்டியிருக்கிறது, என்ன சொல்ல.

சரி, இதெல்லாம் மஞ்சள் வண்டிக்கு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச பஸ் பாஸ் இருக்கிறது, நல்ல திட்டம்தான். ஆனால் எட்டரை மணிக்கு ஒரே ஒரு டவுன் பஸ் வந்தால் பாஸ் வைத்திருப்பவனும் படிக்கட்டில்தான் தொங்குவான். அந்த நேரத்துக்கு இன்னொரு பஸ் விடுங்கள் என்று எங்கள் ஊரில் மனு கொடுத்திருக்கிறோம். உங்கள் ஊரில் எப்படி?