மணல் வந்து சேர்ந்த பிறகுதான் அணை

கென்யாவின் மக்குவேனி மாவட்டத்தில் மணல் அணை கட்டும் வேலைக்குத் தன்னார்வலராக ஆறு வாரம் போயிருந்தேன். அங்கே ஆறு என்பது வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் வெறும் மணல்தான். மார்ச் முதல் மே வரை ஒரு மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு மழை. பெய்தால் சில மணி நேரம் செந்நிற வெள்ளம் ஓடும், அப்புறம் பழையபடி மணல். முதல் நாள் அந்த மணலில் பெண்கள் ஊற்று தோண்டித் தண்ணீர் இறைப்பதைப் பார்த்தேன். கோடையில் வைகையில் என் பாட்டி செய்தது அப்படியே கண்முன் வந்தது.

மணல் அணையின் சூட்சுமம் இதுதான். ஆற்றுக்குக் குறுக்கே, அடிப்பாறையில் பிடிக்கிற மாதிரி கல்சுவர் எழுப்ப வேண்டும். வெள்ளம் கொண்டுவரும் பருமணல் சுவருக்குப் பின்னால் தங்கும், வண்டல் சுவரைத் தாண்டிப் போய்விடும். அப்படி நிறைந்த மணலின் கன அளவில் 25 முதல் 40 சதவீதம் வரை தண்ணீர் நிற்கும். வெயில் குடிக்காது, கொசு முட்டையிடாது.

நாங்கள் போவதற்கு முன்பே கற்கள் மலைபோல் குவிந்திருந்தன. எல்லாம் 'முவெத்யா' சேர்த்தவை. அந்தப் பகுதியில் வாழும் கம்பா மக்களிடம் நெடுங்காலமாக இருக்கும் கூட்டுழைப்பு முறைக்கு அந்தப் பெயர். இன்று உன் வயலில், நாளை என் வயலில் என்று முறை வைத்து உழைப்பார்கள். எங்கள் குழுவில் பெரும்பாலும் பெண்கள். சிமென்டும் கம்பியும் வெளியிலிருந்து வந்தன, மற்றதெல்லாம் ஊராருடையது. வரிசையில் நின்று கல்லைக் கைமாற்றும்போது ஒருவர் பாட்டெடுப்பார், மற்றவர்கள் பதில் பாடுவார்கள். அந்தத் தாளத்துக்கு என் கை பழக நாலு நாள் ஆயிற்று. மதியம் மக்காச்சோளமும் பயறும் சேர்த்து அவித்த முதோக்கோய். அத்தனை ருசி.

இடது கரையில் இறகுச் சுவர், அதாவது அணையிலிருந்து கரைக்குள் நீளும் பக்கச் சுவர், எங்கே முடிய வேண்டும் என்று என் வரைபடத்தில் குறித்திருந்தேன். ஒரு மூதாட்டி வந்து தலையசைத்தார். இன்னும் ஆறடி மேலே இருந்த வேல மரத்தைக் காட்டி, பெருவெள்ளம் அதுவரை வரும் என்றார். வெள்ளம் சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடினால் கரை அரித்து அணையே வீணாகிவிடும். சிமென்ட் கணக்குப் பார்த்து முதலில் தயங்கினேன். அந்தத் தயக்கத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. ஐம்பது வருஷம் அந்த ஆற்றைப் பார்த்தவர் அவர். கடைசியில் மரம் வரைக்கும் கட்டினோம்.

சுவர் முடிந்த அன்று நாங்கள் படம் எடுத்துக்கொண்டோம். ஊர்ப் பெண்களோ மண்வெட்டியோடு மேட்டுக்குப் போனார்கள். சரிவில் 'ஃபன்யா ஜூ' வெட்ட வேண்டுமாம். பள்ளம் தோண்டி, மண்ணை மேல்பக்கம் எறிந்து வரப்பு போடும் முறை அது. மண் அரித்து வந்து அணையில் சேறாகப் படிந்தால் தண்ணீர் நிற்காது. அணை நிறைய ஓரிரு மழைக்காலமாவது ஆகும் என்றார்கள். அவர்கள் கணக்கில் வேலை அப்போதுதான் பாதியில் இருந்தது.

அடுத்த வருஷம் மறுபடி போனேன். மணல் சுவரின் உச்சியைத் தொட்டிருந்தது. முழங்கால் ஆழம் தோண்டியதும் தண்ணீர் கசிந்தது. கழுதைகள் மஞ்சள் கேன்களைச் சுமந்து காத்திருந்தன. நான் நேராக இடது கரைக்குப் போனேன். நாங்கள் கூடுதலாகக் கட்டிய அந்த ஆறடிச் சுவரில், வேல மரத்துக்குச் சற்றுக் கீழே, வெள்ளம் விட்டுப்போன சருகும் குச்சியும் ஒரே கோடாக ஒட்டியிருந்தன.